பேருந்து தேர்ந்தெடுத்த பாடத்துக்கு எங்கள் பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள்

முதுகலைச் சேர்க்கை விதிகளை வகுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

இந்த ஆண்டு விவரக் கையேட்டில் நீங்கள் மாற்றியிருக்கும் நான்கு வரிகளைப் பற்றி எழுதுகிறேன். எம்.ஏ. தமிழுக்கும் எம்.ஏ. வரலாற்றுக்கும் போன ஆண்டுவரை "ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம்" போதும் என்று இருந்தது. தமிழுக்கு மட்டும், இளநிலையில் மொழித்தாளான பகுதி ஒன்றில் தமிழ் எடுத்துப் படித்திருக்க வேண்டும். இப்போது அதே பாடத்தில்தான் இளநிலை இருக்க வேண்டும், அதுவும் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும், முதன்மைப் பாடத்தில் 55 விழுக்காடு வேண்டும், படிப்பு முடித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதற்குக் காரணச் சான்று வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 10.

தேதியிலிருந்தே தொடங்குகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் உள்ள தடை. ஜூன் 10 என்பது அந்தத் தடையின் கடைசி வாரம். எங்கள் வீடுகளில் இருந்த காசெல்லாம் தீர்ந்து, அடகு வைத்த தோட்டை மீட்க வழியில்லாமல், "படகு இறங்கட்டும் பார்ப்போம்" என்று எல்லாச் செலவையும் தள்ளிப்போடும் வாரம். அந்த வாரத்தில் விண்ணப்பக் கட்டணத்தையும் முதல் பருவக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். ஐந்து நாள் கழித்துக் கேட்டிருந்தால் பாதி வீடுகளில் புரட்டியிருப்பார்கள்.

தேதியை ஒரு சுற்றறிக்கையில் மாற்றிவிடலாம். "அதே பாடத்தில் இளநிலை" என்ற வரி அப்படியில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்காரி. 2006இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். வரலாறு படிக்க ஆசைப்பட்டேன். நான் விண்ணப்பித்த கல்லூரியில் வரலாறு பிற்பகல் ஷிப்டில் இருந்தது. வகுப்பு முடிந்து பேருந்து பிடித்து, பாம்பன் பாலத்தைத் தாண்டி வீடு வந்துசேர இரவு எட்டாகும். அப்பா கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரைக்கு வருவார். நிறுத்தத்தில் வந்து நிற்க ஆள் இல்லை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். காலை ஷிப்டில் வணிகவியல் இருந்தது, இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். பி.காம். சேர்ந்தேன். எனக்கான பாடத்தை நான் எடுக்கவில்லை, பேருந்து எடுத்துக்கொடுத்தது. என்னோடு அந்தப் பேருந்தில் வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் இதே கதைதான்.

மூன்று ஆண்டு கழித்து, 2009இல், "ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம்" என்ற அந்த ஒரு வரிதான் என்னை எம்.ஏ. வரலாற்று வகுப்புக்குள் விட்டது. நீங்கள் இப்போது அழித்திருப்பது அந்த வரியைத்தான்.

முதல் பருவத்தில் திணறினேன். அதை மறைக்க விரும்பவில்லை. மூலச் சான்று எது, அதை வைத்துப் பிறர் எழுதியது எது என்ற வேறுபாடுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒரு வழி செய்தார். இளநிலை மூன்றாம் ஆண்டு வகுப்பில் இரண்டு மாதம் பின்வரிசையில் போய் உட்காரச் சொன்னார். ஒன்பது நூல்களின் பட்டியலை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொடுத்தார். பொங்கலுக்குள் அவற்றில் ஏழு நூல்களை முடித்துவிட்டேன். இரண்டாம் பருவத்தில் வகுப்போடு வந்துவிட்டேன். அடிப்படை இல்லாமல் வருபவர்கள் தேறமாட்டார்கள் என்பது உங்கள் கவலையாக இருந்தால், அந்த அடிப்படையைப் போட எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் பேரேடு. இறுதிப் பருவ ஆய்வேட்டுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தபோது, பாம்பனில் ஒரு பெரியவர் வீட்டுப் பரணில் தகரப் பெட்டியில் ஒரு பழைய கணக்குப் புத்தகம் கிடந்தது. தனுஷ்கோடியில் கருவாடும் சங்கும் வாங்கி விற்ற அவருடைய மாமனாரின் பேரேடு. துணி அட்டை, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. கணக்குப் பார்த்து ஐந்தொகை எடுக்க யாரோ பாம்பனுக்குக் கொண்டுவந்ததால் அந்தப் புத்தகம் மட்டும் பிழைத்தது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது, கணக்கப்பிள்ளை சில மாதங்களுக்கு ஒவ்வொரு தொகையையும் இரண்டிலும் எழுதியிருந்தார். தலைமன்னார்க் கப்பலில் போன சரக்கு, திரும்பி வந்த பணம், தீபாவளிக்கு முன்பணம் வாங்கியவர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கடைசிப் பதிவு குரோதி வருடம் மார்கழி மாதத்தது. அடுத்த நாள் இரவுதான், 1964 டிசம்பர் 22, தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது. அதற்குப் பிறகு வெறும் தாள்.

என்னோடு படித்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். எனக்கு அது வாசிக்க வந்தது. பற்றும் வரவும் தெரிந்தவளுக்கு ஒரு பேரேடு கதைபோல ஓடும். புத்தகத்தின் பின்பக்கத்தில் 37 பேர் பெயரும் அவரவர் தர வேண்டிய தொகையும் இருந்தன. பி.காம். பாடத்தில் வராக்கடன் என்று ஒரு தலைப்பு உண்டு. அந்த 37 பேரும் வராக்கடன். ஆனால் ஏன் வரவில்லை? யார் அன்றிரவு இறந்துபோனார்கள், யார் பிழைத்து எங்கே குடியேறினார்கள்? இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டேன். 22 பேரின் குடும்பங்களைக் கண்டுபிடித்தேன். அதுதான் என் ஆய்வேடு. நான் பி.ஏ. வரலாறு படித்திருந்தால் அந்தப் பட்டியலை ஒரு பட்டியலாக மட்டுமே பார்த்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நெட் தேர்வு எழுதித் தேறினேன். இன்று வேறொரு மாவட்டத்தில் தனியார் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான அந்தத் தேர்வே முதுகலை மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது. இளநிலையில் எந்தப் பாடம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தத் தடையாக இல்லாத ஒன்று, கல்லூரியில் வந்து படிக்க எப்படித் தடையாகும்?

இப்போது உங்கள் அலுவலகம் திருப்பி அனுப்பிய மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை இங்கே எழுதவில்லை. விண்ணப்ப எண்கள் உங்களிடம் இருக்கின்றன.

முதல் ஆள் சின்னப்பாலத்துப் பெண். அம்மா பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குகிறார்கள். கடல் ஓய்வெடுக்கட்டும் என்று அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் செருப்பையோ தகட்டையோ கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவார்கள். அப்படியும் விரல் கிழியும். அந்தப் பெண் பி.சி.ஏ. படித்தாள். அவள் ஊர்ப்பக்கம் வேன் வருகிற கல்லூரி ஒன்றே ஒன்று, அதில் இளநிலைத் தமிழ் என்ற வகுப்பே கிடையாது. பகுதி ஒன்று தமிழில் எழுதிய எல்லாத் தாள்களிலும் முதல் வகுப்பு.

அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறாள். அம்மாவும் அம்மாவோடு இறங்கும் பெண்களும் பேசும் சொற்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றின் பெயர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவள் நோட்டில் ஒவ்வொரு காற்றுக்கும் அடியில், அது எழும்பினால் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், தண்ணீர் கலங்கும், நீவாடு என்ற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், அன்றைக்கு மரிக்கொழுந்துப் பாசி கிடைக்குமா கஞ்சிப்பாசி கிடைக்குமா என்று இருக்கிறது. யார் சொன்னது, எந்த ஊர், எந்த மாதம் என்றும் குறித்திருக்கிறாள். ஒரே சொல்லுக்கு சின்னப்பாலத்தில் ஒரு பொருளும் ஏர்வாடிப் பக்கம் வேறு பொருளும் இருந்தால் இரண்டையும் எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித்தந்து செய்ததில்லை. முதுகலையில் நாம் கள ஆய்வு என்று ஒரு தாள் வைத்துக் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

சேர்க்கை நாளன்று நானும் அவர்களோடு வந்தேன். அவள் அம்மா அந்த மாதத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்றை விட்டுவிட்டு வந்திருந்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்த அலுவலர், "ஏம்மா, இது கம்ப்யூட்டர் படிப்பு. பழைய விதி இப்ப இல்ல" என்று கோப்பைத் திருப்பித் தந்தார். அவள் நோட்டை எடுத்தாள். "அதெல்லாம் இங்க வேணாம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவர் கையில் இருந்தது நீங்கள் எழுதிய தாள். திரும்பும்போது பேருந்தில் அவள் அம்மா என்னிடம், "டீச்சர், பாஸான பிள்ளயத்தான வேணாங்கிறாக?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள், போய்ச் சொல்கிறேன்.

இரண்டாமவர் விசைப்படகுத் தொழிலாளி. வாரத்தில் மூன்று நாள் கடல். மீதி நாளில் வலை வேலைக்கு நடுவே படித்து, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு முடித்தார். நீங்கள் கேட்கும் அதே பாடம்தான், நீங்கள் கேட்கும் மதிப்பெண்ணுக்கு மேலேயே இருக்கிறது. நேரடிப் படிப்பு இல்லை என்று கழித்துவிட்டீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2022 செப்டம்பரில் அதையே மறுபடி தெளிவுபடுத்தி அறிவித்தார்கள். இதில் நீங்கள் தயவு காட்ட வேண்டியதில்லை, விதியைப் பின்பற்றினால் போதும்.

மூன்றாமவர் பி.ஏ. தமிழை முடித்து நான்கு ஆண்டாகிறது. படிப்பு முடிந்த ஆண்டில் அவருடைய அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அப்பா யாழ்ப்பாணச் சிறையிலிருந்து வந்துவிட்டார், படகு வரவில்லை. படகுக் கடனை அடைக்க மகன் கடலுக்குப் போனார். இந்த நான்கு ஆண்டு இடைவெளிக்கு நோட்டரி கையெழுத்துடன் காரணம் எழுதித் தரச் சொல்கிறீர்கள். எங்கள் கரையில் இந்தக் காரணம் தெருவுக்கு நான்கு வீட்டில் இருக்கிறது. அவர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். "காரணம்" என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே ஒரே ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருந்தீர்கள். அவர் அதை எழுதாமலே போய்விட்டார்.

உங்கள் தரப்பில் இரண்டு நியாயங்கள் சொல்லப்படுவதாகக் கேள்விப்பட்டேன். தரம் குறைந்துவிடும் என்பது ஒன்று. தரத்தைப் பார்க்க வழி இருக்கிறது, தேர்வு வையுங்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்து, படித்துப் புரிந்ததை எழுதச் சொல்லுங்கள். பட்டத்தின் பெயரைப் பார்த்தால் ஒருவர் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் தெரியும். இன்னொரு நியாயம் வேலை. வேறு பாடத்தில் இளநிலை படித்து முதுகலைக்கு வந்தால் பள்ளி ஆசிரியர் பணிக்கு கிராஸ் மேஜர் என்று கழித்துவிடுவார்கள், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்கிறீர்கள். அந்தச் சிக்கல் உண்மைதான், என் வகுப்புத் தோழி ஒருத்தி அதில் அடிபட்டிருக்கிறாள். அதைச் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தெரிந்தபின் சேர்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எல்லாரும் பள்ளி வேலைக்காக மட்டும் வருவதில்லை. போட்டித் தேர்வுக்கு, நூலகத்துக்கு, தொல்லியலுக்கு, பத்திரிகைக்கு என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். தன் ஊரைப் பற்றி ஒழுங்காக எழுத வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் எம்.ஏ. வரலாறு சேரலாம். மானியக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவு விதிகளில், நுழைவுத் தேர்வில் தேறியவர் இளநிலையில் எது படித்திருந்தாலும் வேறு பாடத்தில் முதுகலை சேரலாம் என்று இருந்தது. அந்த வரைவில் எனக்கு ஒப்புதல் இல்லாதவை நிறைய உண்டு. ஆனால் கதவு திறக்கும் திசையை நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மூடும் திசையில் போகிறீர்கள்.

இந்தக் கரையில் வரலாற்றுக்கும் தமிழுக்கும் ஆள் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986 முதல் பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசும், கப்பல் வரைந்த பானை ஓடும் அங்கே கிடைத்தன. உங்கள் பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது. பெரியபட்டினத்தில் சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட ஏசுசபைத் துறவியைப் பற்றி வெளிநாட்டார் எழுதியிருக்கிறார்கள், வேதாளைக்காரர் யாரும் எழுதி நான் படித்ததில்லை. கீழக்கரையில் என் தோழியின் பாட்டி, அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்ப் புத்தகங்களை மடமடவென்று வாசிப்பார். தோழிக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். தோழி படித்தது பி.எஸ்சி. வேதியியல். உங்கள் புது விதிப்படி அவள் எம்.ஏ. தமிழுக்குத் தகுதியில்லாதவள். அந்தப் புத்தகங்களை வாசிக்கத் தெரிந்த மாணவர் உங்கள் வகுப்பில் இன்று எத்தனை பேர்?

தனுஷ்கோடிப் புயலை நேரில் கண்டவர்கள் இன்று எழுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். நான் 2010இல் பேசிய 22 குடும்பங்களில், எனக்கு வாய்விட்டுச் சொன்ன பெரியவர்களில் நான்கு பேர்தான் இப்போது இருக்கிறார்கள். மறுபடி குரோதி வருடம் 2024இல் வந்து போய்விட்டது. இன்னொரு ஐந்தாண்டு நீங்கள் கதவைச் சாத்தி வைத்தால், கேட்க வேண்டியவர்களும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன். எம்.ஏ. தமிழுக்கும் வரலாற்றுக்கும் "ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம்" என்ற பழைய வரியை இந்தச் சேர்க்கையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். தமிழுக்குப் பகுதி ஒன்று தமிழ் என்ற நிபந்தனை இருக்கட்டும், அது நியாயமானது. வேறு பாடத்திலிருந்து வருபவர்களுக்கு இரண்டு மணி நேர எழுத்துத் தேர்வு ஒன்று வையுங்கள், தமிழில் வையுங்கள், இராமநாதபுரத்திலும் இராமேஸ்வரத்திலும் மையம் போடுங்கள். தேறியவர்களை முதல் பருவத்தில் இளநிலை வகுப்பில் இரண்டு தாள் கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். எனக்குப் பேராசிரியர் துண்டுத்தாளில் செய்ததை நீங்கள் விதியாகச் செய்யலாம்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளிக்குக் காரணம் கேட்கும் தாளை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். கடைசி நாளை ஜூன் 30க்குத் தள்ளுங்கள், கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்குங்கள், முதல் தவணை ஜூலையில் இருக்கட்டும். இனி யாரைத் திருப்பி அனுப்பினாலும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அடுத்த முறை விதியை மாற்ற உட்காரும்போது, கடற்கரைக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இந்த மூன்று விண்ணப்பங்களையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். சின்னப்பாலத்துப் பெண்ணின் நோட்டை உங்களில் ஒருவராவது கையில் வாங்கிப் படிக்க வேண்டும். நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாளையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். பாசிக்கு இறங்காத நாளாக இருந்தால் அவள் அம்மாவும் வருவார்.

இப்படிக்கு,
பி.காம். படித்துவிட்டு எம்.ஏ. வரலாறு சேர்ந்த உங்கள் முன்னாள் மாணவி,
தங்கச்சிமடம்